கேக்கைத் தாங்கும் பலகை

விழாவில் கேக் ஒன்றைக் கொண்டுவந்து வைத்தால் எல்லோருடைய கண்ணும் அதன் மேற்பரப்பிலேயே நிற்கும். சர்க்கரையால் செய்த ரோஜாவைப் பார்ப்பார்கள். எழுதியிருக்கும் பெயரை வாய்விட்டுப் படிப்பார்கள். அடுக்கு எத்தனை என்று எண்ணுவார்கள். அடியில் இருக்கும் பலகையை யாரும் பார்ப்பதில்லை. பார்க்கிறவர்களுக்கு அது வேண்டியதும் இல்லை. செய்கிறவர்களுக்கோ அது மிகவும் வேண்டும். அடுப்பிலிருந்து நல்லபடியாக இறங்கிய கேக், அலங்காரமும் முடிந்த கேக், மாடிப்படியில் இறங்கும்போது விரிசல் விடுகிறது என்றால், குற்றம் மாவிலும் இல்லை, முட்டையிலும் இல்லை. பலகை வளைந்தது, அவ்வளவுதான்.

ஆர்.கே.புரத்தில் எங்கள் வீடு மூன்றாம் மாடியில் இருக்கிறது. அந்தப் பகுதியின் பழைய அரசாங்கக் குடியிருப்புகள் பலவற்றைப் போல எங்கள் கட்டடத்திலும் மின்தூக்கி கிடையாது. அக்கா அண்டை அயலாருக்குக் கேக் செய்து கொடுப்பாள். நான் பௌதிகம் படிக்கிறவன். ஆகவே அடுப்பும் அலங்காரமும் அவள் பொறுப்பு; பலகையும் படியிறக்கமும் என் பொறுப்பு. அந்தப் பழக்கத்தில் கண்டவற்றையும், பாடப் புத்தகத்தில் படித்து அரிசிப் பையை வைத்துச் சோதித்தவற்றையும் இங்கே எழுதுகிறேன்.

இனிப்பைப் பலகையிலோ தட்டிலோ நிறுத்திக் காட்டுவது நமக்குப் புதிதன்று. கல்யாண வீட்டில் பருப்புத் தேங்காய் கூம்பு கூம்பாக நிற்கிறதே, அதுவும் ஜிகினாத் தாள் சுற்றிய ஒரு காட்சிப் பண்டம்தான். சீர்வரிசைத் தட்டுகளும் அப்படியே. நவராத்திரியில் கொலுப்படிக்குப் பலகை தேர்ந்தெடுக்கும் பெரியவர்கள் அதன்மேல் கையை ஊன்றி அமுக்கிப் பார்த்த பிறகே பொம்மையை வைப்பார்கள். மேலே விரிக்கும் வேட்டியின் ஓரத்தைப் பலகைக்கு அடியில் மடித்துச் செருகுவார்கள். கேக் பலகைக்கு வேண்டிய இரண்டு பாடங்களும் அதிலேயே இருக்கின்றன. ஒரு வித்தியாசம் மட்டும் உண்டு. கொலுப்படி வைத்த இடத்தில் ஒன்பது நாள் நிற்கும். கேக் பலகை ஊர்வலம் போகும்.

முதலில் அந்த ஊர்வலத்தில் என்ன நடக்கிறது என்று பார்ப்போம். சென்ற ஆண்டு ஒரு குழந்தையின் பிறந்த நாளுக்குப் போயிருந்தேன். கேக் கடையில் வாங்கியது. எந்தக் கடை என்பது நமக்கு வேண்டாம். எடை இரண்டு கிலோவுக்கு மேல். மேலே ஃபாண்டன்ட் என்னும் சர்க்கரை மாவுப் போர்வை. அடியில் பொன்னிற அட்டை ஒன்று. தடிப்பு ஒரு ரூபாய் நாணயத்தின் அளவுகூட இல்லை. தகப்பனார் நடுவில் உள்ளங்கையைக் கொடுத்துத் தூக்கினார். அட்டையின் ஓரங்கள் இரண்டு பக்கமும் தாழ்ந்தன. போர்வை குறுக்கே விரிந்து, குழந்தையின் பெயர் இரண்டாகப் பிளந்தது. ஐந்து வயதுப் பிள்ளைக்கு அதற்குமேல் என்ன சமாதானம் சொல்ல முடியும்?

நடுவில் தாங்கினால் ஓரம் தொங்கும். அப்போது கேக்கின் மேற்புறம் இழுபடுகிறது. காய்ந்த சர்க்கரைக்கு இழுவையைத் தாங்கும் சக்தி மிகக் குறைவு. ஆகையால் அது வெடிக்கிறது. இரண்டு ஓரங்களைப் பிடித்துத் தூக்கினாலோ நடுப்பாகம் தாழ்கிறது. இப்போது மேற்புறம் நசுங்கிச் சுருக்கம் விழுகிறது; அடிப்புறம் இழுபட்டு, பலகையோடு ஒட்டியிருந்த கரை பிரிகிறது. எப்படித் தூக்கினாலும் பலகை வளைந்தால் கேக்குக்குத் தீங்குதான். தூக்கும் முறையைத் திருத்துவதைவிட வளையாத பலகையைத் தேர்ந்தெடுப்பதே சுலபம். வாங்குகிறவர் எப்படித் தூக்குவார் என்று நமக்குத் தெரியாதல்லவா?

வளையாமை என்பது வலிமையன்று. இதைப் பலர் குழப்பிக்கொள்கிறார்கள். தோல் வார் வலிமையானது. ஒரு மனிதனைக்கூடத் தாங்கும். ஆனால் அதன்மேல் கேக்கை வைக்க முடியுமா? நமக்கு வேண்டியது விறைப்பு. ஒரு பலகையின் விறைப்பு அதன் தடிப்பின் முப்படியாகக் கூடுகிறது. 3 மில்லிமீட்டர் பலகையை விட்டு அதே பொருளில் 6 மில்லிமீட்டர் பலகையை எடுத்தால் விறைப்பு இரண்டு மடங்கு ஆவதில்லை. எட்டு மடங்கு ஆகிறது. 12 மில்லிமீட்டர் எடுத்தால் 64 மடங்கு. நீளம் இதற்கு நேர் எதிரானது. சுமையும் அகலமும் மாறாமல், தாங்கும் இடங்களுக்கிடையே உள்ள தூரம் மட்டும் இரட்டித்தால், நடுவில் ஏற்படும் தாழ்வு எட்டு மடங்காகும். சிறிய கேக்குக்கு நன்றாக உழைத்த அட்டை, பெரிய கேக்குக்குத் திடீரென்று துரோகம் செய்வது இதனால்தான்.

கணக்கில் போட்டுப் பார்த்தேன். 12 அங்குலச் சதுரமான எம்.டி.எஃப். பலகை, அஃதாவது மரத்தூளை நாராக்கிப் பிசினிட்டு அழுத்திய பலகை. அதை இரண்டு எதிர் ஓரங்களில் தாங்கி, மேலே 3 கிலோவைப் பரவலாக வைத்தால், 3 மில்லிமீட்டர் பலகை நடுவில் சுமார் 5 மில்லிமீட்டர் தாழ்கிறது. 6 மில்லிமீட்டர் பலகை ஒரு மில்லிமீட்டருக்குள் நின்றுவிடுகிறது. விலையில் உள்ள வித்தியாசம் சொற்பம். பலனில் உள்ள வித்தியாசம் ஒரு பிள்ளையின் பெயர் பிளப்பதும் பிளக்காததும்.

இந்த முப்படி விதியில் ஏழைக்கு ஏற்ற ஒரு சௌகரியமும் உண்டு. தடித்த பலகை கிடைக்காவிட்டால் மெல்லியவற்றை ஒட்டிக்கொள்ளலாம். ஆனால் ஒட்டத்தான் வேண்டும். இரண்டு அட்டைகளை ஒன்றன்மேல் ஒன்றாகச் சும்மா வைத்தால் விறைப்பு இரண்டு மடங்குதான். ஏனென்றால் வளையும்போது ஒன்றின்மேல் ஒன்று வழுக்கிக்கொள்கிறது. அதே இரண்டையும் முழுப் பரப்பிலும் பசை தடவி ஒட்டிவிட்டால் வழுக்க இடமில்லை. எட்டு மடங்கு கிடைக்கும். நான்கு அட்டையை ஒட்டினால் 64 மடங்கு. ஓரத்தில் மட்டும் நாடா ஒட்டிக் கட்டுவதால் இந்தப் பயன் கிட்டாது. பார்சல் பெட்டியின் நெளியட்டையை உபயோகிக்கிறவர்கள் இன்னொன்றையும் கவனிக்கவேண்டும். அந்த அட்டை நெளிவின் போக்கில் விறைப்பாகவும், குறுக்கே தளர்வாகவும் இருக்கும். ஆகவே ஒன்றின் நெளிவு கிழக்கு மேற்காக ஓடினால் அடுத்ததின் நெளிவு தெற்கு வடக்காக ஓடும்படி வைத்து ஒட்டவேண்டும்.

கேக்கின் எடையை அறியாமல் பலகையைத் தேர்ந்தெடுக்க முடியாது. அளவை மட்டும் பார்த்து ஏமாறுகிறவர்கள் உண்டு. 8 அங்குல வட்டக் கேக், 4 அங்குல உயரம் என்றால் அதன் கன அளவு ஏறத்தாழ 3 லிட்டருக்குச் சற்றுமேல். காற்றோட்டமான ஸ்பாஞ்ச் கேக்கும் கிரீமுமாக இருந்தால் ஒன்றரைக் கிலோ அளவில் நிற்கும். முந்திரி, திராட்சை, வெல்லப்பாகு எல்லாம் சேர்ந்த கிறிஸ்துமஸ் பழக் கேக்காக இருந்தால் அதே உருவத்துக்கு 3 கிலோ. மேலே பாதாம் மாவும் சர்க்கரைப் போர்வையும் ஏறினால் இன்னும் கூடும். கடைக்காரரிடம் ‘எட்டு இஞ்சுக்குப் பலகை கொடுங்கள்’ என்று கேட்பது, ஆளின் உயரத்தை மட்டும் சொல்லிக் கட்டில் வாங்குவது போன்றது.

இனிப் பொருள்களுக்கு வருவோம். கடைகளில் ‘கேக் பேஸ்’ என்று விற்கும் பொன் வெள்ளி அட்டைகள் மெல்லியவை. ஒரு கிலோவுக்கு உட்பட்ட கிரீம் கேக்குக்குப் போதும். அதற்குமேல் என்றால் இரண்டை ஒட்டிக்கொள்ளலாம். ‘டிரம்’ என்று பெயர் சொல்லி விற்பது சுமார் 12 மில்லிமீட்டர் தடிப்புள்ளது. உள்ளே அட்டைகளை அழுத்தி, மேலே ஜரிகைத் தாளைச் சுற்றியிருப்பார்கள். எடை குறைவு, விறைப்பு அதிகம்; ஆனால் ஈரம் புகுந்தால் அதோடு அதன் ஆயுள் முடிந்தது. புத்தகம் பைண்டு செய்கிறவர்களின் தடித்த அட்டை நல்ல பொருள். சாவ்ரி பஜார் காகிதக் கடைகளில் பெரிய தாள்களாகக் கிடைக்கும்; இரண்டு மூன்றை ஒட்டிக்கொண்டால் நமக்கு வேண்டிய டிரம் வீட்டிலேயே தயார்.

இரண்டு முதல் நான்கு கிலோவுக்கு 6 மில்லிமீட்டர் எம்.டி.எஃப். போதும். அது வழவழப்பானது, வட்டமாக அறுக்க வசதியானது. அதன் பலவீனம் வெட்டிய ஓரம். அங்கே தண்ணீர் பட்டால் பிஸ்கோத்தைப் போல ஊறிப் பருத்துவிடும். ஐந்து கிலோவைத் தாண்டினால் ஒட்டுப்பலகை, அதாவது பிளைவுட், 12 மில்லிமீட்டர் தடிப்பில் வேண்டும். கீர்த்தி நகர் மரக்கடைகளில் ஒதுக்கித் தள்ளும் துண்டுப் பலகைகளே நம் வேலைக்குப் போதும். பிளைவுட் தன் மேல்தாளின் நரம்பு ஓடும் திசையில் அதிக விறைப்பாக இருக்கும். நீள் சதுரக் கேக்காக இருந்தால் நரம்பு நீளவாக்கில் ஓடும்படி அறுக்கச் சொல்லவேண்டும்.

கடைக்காரர் நம்மிடம் ‘மரைன் பிளைவுட் வாங்குங்கள், தண்ணீரில் கிடந்தாலும் ஒன்றும் ஆகாது’ என்பார். அவர் சொல்வது உண்மையே. ஆனால் ஐ.எஸ். 710 என்னும் முத்திரையுள்ள அந்தப் பலகையில் பூச்சியும் பூஞ்சணமும் அண்டாதபடி மருந்து ஏற்றியிருப்பார்கள். சாதாரணப் பிளைவுட்டிலும் எம்.டி.எஃப்.பிலும் ஒட்டுவதற்கு உபயோகிக்கும் பிசினில் ஃபார்மால்டிஹைடு சேர்ந்திருக்கிறது. அலமாரிக்கு இவை நல்ல குணங்கள். சாப்பிடும் பண்டத்துக்கு அடியில் வைப்பதற்கு அல்ல. ஆகவே மரப்பலகை எதுவாயினும் கேக்கை அதன்மேல் நேரே வைக்கக்கூடாது. பலகையை மூடுவது அழகுக்காக என்று நினைப்பது பாதி உண்மைதான்.

தெர்மகோலைப் பற்றியும் சொல்லவேண்டும். லேசானது, மலிவானது, கத்திக்கு இணங்குவது. ஆகையால் ஒரு காலத்தில் கேக் அலங்காரத்தில் தாராளமாக உபயோகித்தார்கள். ஒருமுறை மட்டும் உபயோகிக்கும் பிளாஸ்டிக் பொருள்கள் சிலவற்றை இந்திய அரசு 2022 ஜூலை 1 முதல் தடை செய்தபோது, அலங்காரத்துக்கான தெர்மகோலும் அந்தப் பட்டியலில் சேர்ந்தது. தடை இல்லாமலிருந்தாலும் நான் அதை விரும்பமாட்டேன். அடுக்குக் கேக்கின் தாங்கு குச்சிகள் அதில் பள்ளம் பறித்துவிடுகின்றன. இலங்கையில் நம்மவரின் கல்யாணக் கேக் பெரும்பாலும் வேறு வகை. மேடையில் நிற்பது அப்படிப்பட்ட நுரைக்கட்டியில் சர்க்கரை பூசிய கோபுரம்; விருந்தினருக்குக் கொடுப்பதோ சிறு பெட்டிகளில் தனியே வைத்த பழக் கேக் துண்டு. காட்சிக்கு ஒன்று, வாய்க்கு ஒன்று என்று பிரித்துவிட்டதால் அங்கே பலகைக்குப் பாரம் குறைந்தது. இது கெட்டிக்கார யோசனை என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் கத்தி இறங்காத கேக்கில் என் மனம் லயிப்பதில்லை.

மறு எல்லையைப் பார்க்க விரும்புகிறவர்கள் டிசம்பர் மாதத்தில் பெங்களூருக்குப் போகலாம். முத்துசாமி முதலியார் 1905-இல் தொடங்கிய நீலகிரிஸ் நிறுவனத்தின் குடும்பத்தைச் சேர்ந்த சி. ராமச்சந்திரன் 1970களில் அங்கே கேக் கண்காட்சியைத் தொடங்கினார். கோட்டைகள், கோயில்கள், அரண்மனைகள் எல்லாம் சர்க்கரையில் எழுந்து நிற்கின்றன. நூற்றுக்கணக்கான கிலோ எடை. இங்கிலாந்தில் 1947 நவம்பர் 20-ஆம் தேதி இளவரசி எலிசபெத்தின் திருமணத்துக்குச் செய்த கேக் நான்கு அடுக்கு. 9 அடி உயரம். எடை சுமார் 500 பவுண்டு. அந்த அளவில் பலகை என்பது ஏறக்குறைய மேஜை ஆகிவிடுகிறது. நாமோ மூன்றாம் மாடியிலிருந்து கையில் ஏந்தி இறங்குகிறவர்கள். நம் அளவுக்குத் திரும்புவோம்.

மூன்று அடுக்குக் கேக்கை எடுத்துக்கொள்வோம். 10, 8, 6 அங்குல வட்டங்கள். ஒவ்வொன்றும் 4 அங்குல உயரம். மொத்தம் ஏறத்தாழ 10 லிட்டர். பழக் கேக்காயின் போர்வையோடு 12 கிலோவை எட்டும். ஒவ்வோர் அடுக்குக்கும் அதன் அளவிலேயே ஒரு மெல்லிய பலகை அடியில் இருக்கவேண்டும். கீழடுக்கில் செங்குத்தாக இறக்கிய குச்சிகளின்மேல் அந்தப் பலகை உட்காரும். மேலடுக்கின் பாரம் கேக்கின் வழியே போகாமல், குச்சிகளின் வழியே நேரே அடிப்பலகைக்கு இறங்கும். கட்டடத்தின் தூண்களுக்கும் இதற்கும் வேற்றுமை இல்லை. முடிவில் பன்னிரண்டு கிலோவையும் சுமப்பது 14 அங்குல அடிப்பலகை ஒன்றே. அதற்கு 12 மில்லிமீட்டர் பிளைவுட் வேண்டும். இதில் சிக்கனம் பார்ப்பது வீண்.

பலகை கேக்கைவிட எவ்வளவு பெரிதாக இருக்கலாம்? கிரீம் கேக்குக்குச் சுற்றிலும் ஓர் அங்குலம் போதும். போர்வையும் கரை வேலைப்பாடும் உள்ளதற்கு இரண்டு அங்குலம் விடுவேன். ஆனால் அதற்குமுன் குளிர்ப்பெட்டியின் தட்டையும், எடுத்துச் செல்லும் பெட்டியையும் அளந்துகொள்ளவேண்டும். மெட்ரோவில் கொண்டுபோகிறவர்கள் சோதனை எந்திரத்தின் வாயில் தொங்கும் ரப்பர்ப் பட்டைகளையும் நினைவில் வைக்கவேண்டும். மூடியில்லாத கேக்கின் தலையை அவை அன்போடு தடவி அனுப்பிவிடும்!

இனி மூடும் வேலை. இதில் பைண்டர்கள் அறிந்த ஒரு ரகசியம் நமக்குப் பயன்படும். ஈரப் பசை தடவிய தாள் நீண்டு விரிகிறது. பலகையில் ஒட்டிக் காயும்போது சுருங்குகிறது. சுருங்கும்போது பலகையையும் தன் பக்கம் இழுக்கிறது. ஒரு பக்கம் மட்டும் தாள் ஒட்டினால் மறுநாள் பலகை அப்பளம் போல வளைந்து கிடக்கும். ஆகவேதான் புத்தக அட்டையின் உட்புறத்திலும் தாள் ஒட்டுகிறார்கள். நாமும் அடிப்புறத்தில் ஒரு தாளை ஒட்டிவிடவேண்டும். இழுவைக்கு இழுவை சமன்படும். இதில் இன்னொரு லாபமும் உண்டு. ஜூன் மாதத்தில் தில்லிக் காற்று நாக்கை வறட்டுகிறது. ஜூலை, ஆகஸ்டில் அதே காற்று ஈரத்தைச் சுமந்து வருகிறது. பலகையின் ஒரு முகம் மூடியும் மறுமுகம் திறந்தும் இருந்தால் திறந்த முகம் மட்டும் ஈரத்தை உறிஞ்சிப் பருக்கும், மறுபடியும் அப்பளம்தான். இரண்டு முகத்தையும் ஓரத்தையும் மூடுவதே முறை.

வட்டப் பலகைக்குத் தாள் வெட்டும் அளவு இது: பலகையின் குறுக்களவோடு இரண்டு பக்கத்துக்குமாகத் தடிப்பையும், அடியில் மடிக்க ஒன்றரை அங்குலத்தையும் கூட்டிக்கொள்ளவேண்டும். 12 அங்குலப் பலகைக்கு 16 அங்குல வட்டத் தாள் சரியாக இருக்கும். தாளை மேஜைமேல் கவிழ்த்து வைத்து, பலகையின் முகத்தில் பசையை மெல்லியதாகத் தடவி, நடுவில் பதியவைத்துத் திருப்பி, துணியால் நடுவிலிருந்து ஓரத்துக்குத் தேய்த்துக் காற்றை வெளியேற்றவேண்டும். பிறகு மீண்டும் கவிழ்த்து, நீட்டிக்கொண்டிருக்கும் கரையில் முக்கால் அங்குலத்துக்கு ஒன்றாக முக்கோண வெட்டுகள் போடவேண்டும். வெட்டின் முனை பலகையின் ஓரத்தைத் தொடக்கூடாது. தடிப்பளவு இடம் விட்டு நிற்கவேண்டும். அப்படி விட்டால்தான் பக்கவாட்டில் பலகை தெரியாது. எதிரெதிர்ப் பற்களை மாறி மாறி மடித்து ஒட்டினால் தாள் ஒரு பக்கம் ஓடாது. சதுரப் பலகைக்கு மூலையைச் சாய்வாக வெட்டி, பலகையின் தடிப்பைப்போல ஒன்றரை மடங்கு தாளை விட்டுவைத்து, நோட்டுக்கு அட்டை போடுவது போல மடித்தால் முடிந்தது. பள்ளிக்கூடத்தில் படித்த யாருக்கும் அது கைவந்த வேலை.

பசை பற்றிச் சிலர் கேட்பதுண்டு. மைதாப் பசை மலிவு. ஆனால் மழைக்காலத்தில் முழுதும் காயாது, பூஞ்சணம் பிடிக்கும், கரப்பான் பூச்சிக்கும் விருந்து. ஃபெவிகால் போன்ற வெள்ளைப் பசையை மெல்லியதாகத் தடவி, பாரம் ஏற்றி, ஒரு நாள் முழுதும் காயவிடுவது நல்லது. மேலே உணவு படும் இடத்துக்கும் அந்தப் பசைக்கும் நடுவில் ஒரு தடை அவசியம் இருக்கவேண்டும்.

அந்தத் தடை எது என்பதுதான் மூடும் வேலையின் உயிர்நிலை. பரிசுப் பொருளுக்குச் சுற்றும் வண்ணத் தாள், ஜிகினாத் தாள், மினுமினுப்புத் தூவிய தாள் இவையெல்லாம் உணவுக்கென்று செய்தவையல்ல. அவற்றின் மையும் மினுக்கும் வெண்ணெயில் கரைந்தோ உதிர்ந்தோ வரலாம். செய்தித்தாளை உணவைப் பொதியவோ வைக்கவோ உபயோகிக்கக்கூடாது என்று உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 2018-ஆம் ஆண்டு விதிகள் சொல்கின்றன. மைக்கு வஞ்சனை தெரியாது; பஜ்ஜியானாலும் கேக்கானாலும் ஏறிவிடும். அலுமினியத் தாள் ஈரத்தையும் கொழுப்பையும் நன்றாகத் தடுக்கும். ஆனால் எலுமிச்சை, அன்னாசி போன்ற புளிப்புள்ள பழக் கூழ் அதன்மேல் நேரே கிடந்தால் அதை அரித்துவிடும். சமையலறையில் உபயோகிக்கும் மெல்லிய அலுமினியத் தாளோ கத்தி பட்ட இடத்திலெல்லாம் கிழிந்து, துணுக்கு துண்டோடு வாய்க்குப் போகும்.

நான் செய்வது இது. பலகையை எந்த வண்ணத் தாளால் வேண்டுமானாலும் மூடிவிடுகிறேன். கேக்கின் அளவுக்குச் சரியாக, உணவுக்கு உகந்த மெல்லிய கேக் அட்டை ஒன்றை வெட்டி அதன்மேல் பட்டர் பேப்பரை வைக்கிறேன். கேக் அதன்மேல் உட்காருகிறது. வண்ணத் தாள் கண்ணுக்கு. உள் அட்டை வயிற்றுக்கு. வெளியே நீளும் ஓரத்தில் கிரீம் வேலைப்பாடு வருவதாயிருந்தால் வண்ணத் தாளை அறவே விட்டுவிடவேண்டும். அப்போது உணவுக்கென்று விற்கும் தடித்த ஜரிகைத் தாளால் பலகையை மூடலாம். அல்லது அந்தத் தாளின்மேல் சர்க்கரை மாவையே 3 மில்லிமீட்டர் தடிப்புக்குத் தேய்த்துப் போர்த்தலாம். கொதித்து ஆறிய நீரைத் தூரிகையால் லேசாகத் தொட்டுத் தடவினால் மாவு பிடித்துக்கொள்ளும். ஓரத்தைக் கத்தியால் சீவி, இரண்டு மூன்று நாள் காயவிடவேண்டும். எல்லா வகை மூடலிலும் இதுவே அழகு என்பது அக்காவின் அபிப்பிராயம். மழைக்காலத்தில் அது காயாமல் பிசுபிசுத்துக் கிடக்கும் என்பது என் அபிப்பிராயம். நவம்பர் முதல் பிப்ரவரி வரை அவள் பேச்சு செல்லும். ஜூலையில் என் பேச்சு செல்லும்.

கேக் பலகையில் வழுக்காமலிருக்க உள் அட்டையின் அடியில் உருக்கிய சாக்லேட்டையோ சர்க்கரைச் சாந்தையோ ஒரு கரண்டி வைத்து அழுத்தினால் போதும். ஜரிகைத் தாள் வழவழப்பானது. ஆட்டோ வேகத்தடையில் ஏறி இறங்கும்போது கேக் மட்டும் தனிப் பயணம் புறப்படப் பார்க்கும். பலகையின் ஓரத்தில் ரிப்பன் சுற்றுகிறவர்கள் பலகையின் தடிப்புக்குச் சமமான அகலத்தில் வாங்கவேண்டும். பசையை ரிப்பன் முழுதும் தடவாமல் தொடக்கத்திலும் முடிவிலும் மட்டும் தொட்டால் கறை தெரியாது.

பலர் விட்டுவிடுவது பலகையின் கால்கள். தட்டையான பலகையை மேஜைமேல் வைத்தபின் அதன் அடியில் விரல் நுழையாது. நகத்தால் நெம்பி எடுக்கும்போதுதான் கை தடுமாறுகிறது. அடியில் அரை அங்குல உயரத்துக்கு நான்கு சிறு மரத் துண்டுகளை ஒட்டிவிட்டால் விரல் தாராளமாக நுழையும். ஈர மேஜையின் தண்ணீரும் பலகையைத் தொடாது. கால்களை விளிம்பிலும் ஒட்டவேண்டாம், நடுவிலும் ஒட்டவேண்டாம். விளிம்பிலிருந்து நீளத்தில் ஐந்தில் ஒரு பங்கு உள்ளே தள்ளி ஒட்டினால் நடுத் தாழ்வும் ஓரத் தொங்கலும் ஒன்றையொன்று ஈடுசெய்து, மேஜையில் நிற்கும்போது வளைவு மிகக் குறைந்துவிடும்.

மூடுவதற்கு முன்பு பலகையைச் சோதிக்கிறேன். சம உயரமுள்ள இரண்டு தடித்த புத்தகங்களை வைத்து, பலகையின் இரண்டு ஓரங்களும் ஓர் அங்குலம் மட்டும் அவற்றின்மேல் படியும்படி நிறுத்துவேன். கேக்கின் எடையைப்போல ஒன்றரை மடங்கு அரிசியைப் பையில் கட்டி நடுவில் வைப்பேன். 2 கிலோ கேக்குக்கு 3 கிலோ அரிசி. ஓரத்திலிருந்து ஓரத்துக்கு நூலை இழுத்துப் பிடித்து, நடுவில் நூலுக்கும் பலகைக்கும் உள்ள இடைவெளியை அளந்துகொள்வேன். பிறகு அப்படியே இரவு முழுதும் விட்டுவிடுவேன். அட்டையும் எம்.டி.எஃப்.பும் சுமையின்கீழ் நேரம் செல்லச் செல்ல மெல்ல மெல்ல இறங்குபவை; ஈரக் காற்றில் இன்னும் இறங்கும். மாலையில் தேறியது காலையில் தோற்பதுண்டு. 12 அங்குலத்துக்கு ஒரு மில்லிமீட்டருக்குமேல் தாழ்ந்தால் அந்தப் பலகையை அதைவிடச் சிறிய கேக்குக்கு ஒதுக்கிவிடுகிறேன். தேறிய பலகையின் அடியில் எத்தனை கிலோவுக்குத் தேறியது என்பதையும் சோதித்த மாதத்தையும் பென்சிலால் எழுதிவைக்கிறேன். கேக் கொடுத்த வீட்டிலிருந்து பலகை திரும்பி வந்தால் தாளை உரித்து, துடைத்து, நிழலில் உலர்த்தி, மறுபடியும் அரிசிப் பையின் கீழ் வைத்துப் பார்த்த பிறகே புதுத் தாள் போடுவேன்.